ஸ்டெல்லா மேடம் வண்டியின் கூலர் பைப்

ஒழுகுகிற வண்டியைச் சரி செய்வதில் பாதி வேலை எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது; மீதிப் பாதி, வண்டிக்காரர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருப்பதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நிற்பது.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களே, அதற்குக் கீழே படுத்து எழுந்திருக்கும் என் இனத்தவர்களே, உங்களுக்கு நான் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை. காலையில் வண்டியை எடுக்கும்போது வானத்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிற கூட்டம் நாம். எனக்கு ஆம்பூர் பைபாஸை ஒட்டி ஒரு ஷெட் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் மற்ற ஷெட்டுக்காரர்கள் என் பக்கம் கை காட்டிவிடுவார்கள். எனக்கு ரொம்பத் தெரியும் என்பதால் அல்ல, முடியாது என்று சொல்ல வராது என்பதால். அப்படி வந்து சேர்ந்த ஒரு வண்டியின் ஒரே ஒரு பைப் என்னை மூன்று மாதம் படுத்திய பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பைப் இன்னதென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் ஓடுகிற எண்ணெய் சூடாகும். அதை ஒரு பைப் வழியாக முன்னால் இருக்கிற ரேடியேட்டருக்கு அனுப்பி, ஆற வைத்து, இன்னொரு பைப் வழியாகத் திரும்பக் கொண்டு வருவார்கள். டம்ளருக்கும் டவராவுக்குமாகக் காபியை ஆற்றுகிற வேலைதான். அந்த எண்ணெய் நல்ல சிவப்பாக இருக்கும். அது குறைந்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. குறைந்தபடியே ஓட்டினால் கியர் பாக்ஸ் வெந்து போகும். பழைய வண்டிக்குக் கியர் பாக்ஸ் வெந்தால் அப்புறம் காயலான் கடைதான்.

முனுசாமி வாங்கிய திட்டு

ஸ்டெல்லா மேடம் ஒரு ஷூ கம்பெனியில் க்யூ.சி. இன்சார்ஜ். வரிசையாக வருகிற ஷூக்களில் குறை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். ரொம்ப வருஷமாகச் செய்வதால் குணமும் அதுவாகவே ஆகிவிட்டது. மூன்று வயதில் வந்த போலியோவில் இடது கால் செயலிழந்துவிட்டது. காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கியைக் காலில் மாட்டிக்கொண்டு நடப்பார். கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால், கிளட்ச்சே இல்லாத இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரைத் தேடிப் பிடித்து வாங்கி, நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டவர். அதற்கு முன்னால் சர்ச்சுக்குப் போக வேண்டும் என்றாலும், அணைக்கட்டு ஊரில் இருக்கிற சித்தியைப் பார்க்க வேண்டும் என்றாலும், புடவை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தம்பி டேவிட் எப்போது வருவார் என்று காத்திருக்க வேண்டும். டேவிட் தங்கமான மனிதர். ஆனால் அக்கா தனியாக வண்டி ஓட்டுவதை நினைத்தாலே அவருக்குப் பயம். வண்டி ஒரு தடவை நடுவழியில் நின்றாலும் விற்றுவிட வேண்டும், அதற்கப்புறம் எங்கே போவதானாலும் என்னோடுதான் வர வேண்டும் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார். வண்டி போனால் மேடம் மறுபடியும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். புது ஆட்டோமேட்டிக் வாங்குகிற வசதி அவருக்குக் கிடையாது.

அவர் கம்பெனி வளாகத்திலேயே தோல் பதனிடுகிற டேனரியும் இருக்கிறது. அதன் முற்றத்தில் தினமும் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாகக் கிடந்திருக்கிறது. தோலுக்குச் சாயம் ஏற்றுகிற டிரம் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, சாயப் பிரிவு மேஸ்திரி முனுசாமியை ஒரு மாதம் ஆளாளுக்குத் திட்டியிருக்கிறார்கள். திட்டியவர்களில் முன்வரிசை மேடம். முனுசாமி டிரம் கதவின் ரப்பரை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார், தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். கடைசியில், மேடம் லீவு போட்ட நாளில் மட்டும் தரை சுத்தமாக இருக்கிறது என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகுதான், மேடம் தன் வண்டிக்குக் கீழே பார்த்திருக்கிறார். இதை என்னிடம் அவரே சொல்லிக்கொண்டிருந்தபோது, "மன்னிப்பு கேட்டீங்களா மேடம்?" என்றேன்.

"கேட்டேன் தம்பி. அதுக்கு அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'பரவால்ல மேடம், கலர் சூப்பரா இருக்கு, இது எந்தக் கம்பெனி டை?'ன்னு கேக்கறாரு."

ஐலெட் வைத்த ஒட்டு

வண்டி என்னிடம் வந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. "சொட்டு நின்னுடுச்சு தம்பி, ஆனா வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று சொல்லிக் கொண்டு வந்து நிறுத்தினார். நின்றுவிட்டதா, எப்படி நின்றது என்று யோசித்துக்கொண்டே ஜாக்கியில் தூக்கிப் பார்த்தேன். என் வாழ்நாளில் அப்படியொரு அழகான ஒட்டை நான் பார்த்ததில்லை.

கூலர் பைப்பின் முனையில் ரப்பர் ஹோஸ் சேருகிற இடத்தில்தான் ஒழுகல். அதற்குக் கம்பெனியில் பழுப்பு நிறக் கன்றுத் தோலில் ஒரு உறை தைத்து மாட்டியிருந்தார்கள். ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, போதாதென்று ஆறு ஐலெட் வளையம் அடித்து, கறுப்பு லேஸ் கோத்து முடிச்சும் போட்டிருந்தார்கள். பாலிஷ் போட்டால் கல்யாணத்துக்கு மாட்டிக்கொண்டு போகலாம். தோல் எண்ணெய் குடிக்கும் என்பது ஆம்பூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அது வயிறு முட்டக் குடித்தது. மிஞ்சியது பைப் மேலேயே பின்னால் ஓடி, அடித் தகட்டுக்குள் குளம் கட்டி நின்றது. தரையில் ஒரு சொட்டு இல்லை, கியர் பாக்ஸில் எண்ணெயும் இல்லை. தகட்டைக் கழற்றியதும் அவ்வளவும் என் சட்டை மேல் கொட்டியது.

கழற்றிய உறையை மேடத்திடம் காட்டினேன். தப்பு செய்துவிட்டோமே என்று வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அதை விரலில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைத் தச்சது யாருன்னு எனக்குத் தெரியும். இஞ்சுக்கு எட்டுத் தையல் வரணும். இதுல ஏழு தான் இருக்கு. அதான் லீக்" என்றார்.

சிவப்பு அம்புக்குறி

ஷூ கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. குறை கண்ட இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். தைத்தவர்கள் அதைப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். ஸ்டெல்லா மேடத்தின் கைப்பையில் அந்த ஸ்டிக்கர் ரோல் எப்போதும் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

காய்ந்து போன ஹோஸ் இரண்டையும் மாற்றினேன். எண்ணெய் தாங்குகிற நல்ல ஹோஸ், புதுக் கிளாம்ப். எண்ணெய் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, சூடானதும் அளவு பார்த்து, வேலை முடிந்தது என்றேன். "எங்க, காட்டுங்க" என்றார். ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி உட்கார்ந்து, டார்ச்சை வாங்கிக்கொண்டு, ஜாக்கியில் நிற்கிற வண்டியின் அடிவயிற்றை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை பார்த்தார். கிளாம்ப் திருகு கைக்கு எட்டாத பக்கம் திரும்பியிருக்கிறதாம், ஒரு ஸ்டிக்கர். ஹோஸ் வெட்டு நேராக இல்லையாம், ஒரு ஸ்டிக்கர். என் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை என்று அங்கேயும் ஒன்று. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷ அனுபவம், ஷூ தைக்கிற இடத்திலிருந்து ஒருவர் வந்து எனக்கு அம்புக்குறி ஒட்டுவதா? ஆனால் போய்ப் பார்த்தால் வெட்டு நேராகத்தான் இல்லை. வாயை மூடிக்கொண்டு மறுபடி வெட்டி மாட்டினேன்.

இதையெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தவர் சலீம் பாய். பக்கத்துக் கடையில் கார் ஏ.சி. மெக்கானிக், என் தோஸ்த், ஆலோசகர், என்னைக் கிண்டல் செய்வதற்கென்றே ஆண்டவன் அனுப்பிய ஆள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றவர், மேடம் போன பிறகுதான் தன் முதுகில் ஒரு அம்புக்குறி இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைப் பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ரவி, இந்த ஸ்டிக்கர் எங்க கெடைக்கும்னு எங்க வீட்டுல மட்டும் சொல்லிடாத."

மேம்பாலம்

ஆறு வாரம் கழித்து மறுபடியும் சிவப்பு. இந்தத் தடவை நான் போட்ட ஹோஸில் குறை இல்லை. நடுவில் இரும்பு பைப்பில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. முழுப் பைப்பையும் மாற்றுவதென்றால் அதைக் கிடைக்கிற இடத்தில் தேடிப் பிடிக்க வேண்டும், நாள் ஆகும். மேடத்துக்கு வண்டி உடனே வேண்டும். "செம்பு இருக்கறப்போ இன்னாத்துக்கு பேஜார்?" என்று சலீம் பாய் ஏ.சி.க்குப் போடுகிற செம்பு பைப்பில் ஒரு துண்டைக் கொண்டு வந்தார். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, செம்பை வைத்துப் பற்றவைத்தோம். பளபளவென்று இருந்தது. மேடம் கூட ஸ்டிக்கர் ஒட்டவில்லை. நாங்கள் இருவரும் அதற்காக டீ சாப்பிட்டோம்.

ஐந்து வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேடம் தனியாகச் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தார். ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறியதும் இன்ஜின் கத்தியது, வண்டி நின்றது, பிறகு மெல்லப் பின்னால் வர ஆரம்பித்தது. பின்னால் ஆள் நிரம்பிய ஷேர் ஆட்டோ. அதற்குப் பின்னால் ஈரத் தோல் ஏற்றிய லாரி. மேடம் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹாரன் அடித்திருக்கிறார். ஆட்டோக்காரர் ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஆட்டோவில் இருந்த பெண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளி, வண்டியை ஓரம் கட்டினார்கள். நான் கயிற்றோடு போய்ச் சேர்ந்தபோது டேவிட் வந்துவிட்டிருந்தார். அக்காவைத் திட்டவில்லை. கையை நீட்டினார், மேடம் சாவியைக் கொடுத்தார். ஊரில் எல்லோர் குறையையும் சொல்கிற மேடம், பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். நாங்கள் போட்ட செம்பு ஜோராக இருந்தது. அதை ஒட்டியிருந்த பழைய இரும்பு இற்றுப் போய், எண்ணெய் பாலத்தில் வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு அன்றைக்கு அவமானமாக இருந்தது. அவருடைய பயணத்தையெல்லாம் ஒரு ஒட்டு வேலையை நம்பி அனுப்பியிருக்கிறேன். மூலம் என்ன என்று பார்க்காமல், ஓட்டை விழுந்த இடத்தையே துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன். டேவிட் என்னைத் தனியாக அழைத்தார். குரலை உயர்த்தக்கூட இல்லை. "ராணிப்பேட்டையில ஒருத்தர் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. பத்து நாள்ல வருவாரு. அது வரைக்கும் ஒழுகாம இருந்தா போதும் ரவி, அப்புறம் வாங்கறவன் தலையெழுத்து."

உப்பு பார்த்தல்

முழுப் பைப்பையும் கழற்றி மேஜை மேல் நீட்டிப் படுக்க வைத்தேன். ரேடியேட்டர் பக்கத்து முனை நன்றாக இருந்தது. கியர் பாக்ஸ் பக்கத்து முனையும் நன்றாக இருந்தது. நடுவில், பைப்பைப் பிடித்து நிறுத்துகிற கிளிப்புக்கு அடியில் மட்டும், ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. சென்னையில் கடற்கரையை ஒட்டி நிற்கிற வண்டிகளில் இப்படிப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த வண்டி வாங்கின நாள் முதல் ஆம்பூரைச் சுற்றித்தான் ஓடுகிறது. மிஞ்சிப் போனால் அணைக்கட்டு, ஒடுகத்தூர். அங்கே எங்கே கடல்?

கிளிப்பின் ரப்பருக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பொடியாக வந்தது. வேறு வழி தெரியாமல் நாக்கு நுனியில் வைத்தேன். கைத்தது, எண்ணெய் நாறியது, அதற்கு அடியில் ஒரு ருசி தெரிந்த மாதிரி இருந்தது. சந்தேகம் தீர இன்னொரு தடவை வைத்துக் கண்ணை மூடி யோசித்தேன். கண்ணைத் திறந்தால் எதிரில் சலீம் பாய் நின்றுகொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. "உப்பு சரியா இருக்கா, இல்ல கம்மியா?" என்றார்.

பத்து அடி தூரம்

மறுநாளே மேடத்தின் கம்பெனிக்குப் போனேன். வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். அழைத்துப் போய்க் காட்டினார். அவர் வேலை செய்கிற பிரிவின் கதவிலிருந்து சரியாகப் பத்து அடி. நல்ல நிழல். கால் முடியாதவர் என்று நிர்வாகம் அவருக்கென்றே ஒதுக்கிக் கொடுத்த இடம். மேலே பார்த்தால் கூரை. பக்கத்தில் பார்த்தால், பதனிடாத பச்சைத் தோல் வந்து இறங்குகிற கோடவுன். தோல் கெட்டுப் போகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். வந்ததும் உதறுவார்கள். உதறிய உப்பு, மேடத்தின் வண்டி நிற்கிற இடத்துக்கு ஒட்டினாற்போல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதைக் கழுவி விடுகிற தண்ணீர் நேராக வண்டியின் அடியில் ஓடியது. தினமும் இரண்டு வேளை அந்த உப்புத் தண்ணீரைச் சக்கரம் வாரி அடிக்கிறது. நாள் முழுக்க வண்டி அதன் மேலேயே நிற்கிறது. கடல் ஆம்பூருக்கு லாரியில் வந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். நிறுத்துவதற்கு மிச்சம் இருந்த ஒரே இடம் கேட்டுக்குப் பக்கத்தில். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார் பிழைக்க வேண்டுமானால் அவர் கால் நடக்க வேண்டும். மேடமே புரிந்துகொண்டு கேட் வரைக்கும் நடந்தார். காலிப்பர் ஒவ்வொரு அடிக்கும் டக் டக் என்றது. நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கேட்டில் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நூத்தி முப்பது அடி. நடந்துடலாம் தம்பி, ஒண்ணும் ஆவாது" என்றார். வெயிலில் அவருக்கு மூச்சு வாங்கியது. சாயப் பிரிவு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த முனுசாமி மேஸ்திரி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவருடைய ஆட்கள் நாலு பேர் வந்து, பிரிவுக்குப் பக்கவாட்டில் நின்ற தங்கள் பைக்குகளை ஒவ்வொன்றாகக் கேட் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். காய்ந்த தரை, உப்பு இல்லை, மேடத்தின் கதவுக்கு நாற்பது அடி. ஒரு மாதம் திட்டு வாங்கிய மனிதர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னார்: "இங்க நிறுத்துங்க மேடம். இனிமே தரையில செவப்பா எதுனா கெடந்தா எங்களுதுன்னே வெச்சுக்கலாம்."

பதினாலு வளைவு

இந்தத் தடவை ஒட்டு இல்லை. ஒரே நீளமாகப் புது இரும்பு பைப் வாங்கி, பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே மாதிரி வளைத்து, இரண்டு முனையையும் விரித்து, பெயிண்ட் அடித்து, புதுக் கிளிப் போட்டு மாட்டினேன். வண்டியின் அடிப்பக்கத்தை மூன்று தடவை கழுவினேன். வேலை சுத்தம்தான், ஆனால் டேவிட்டுக்கு நம்பிக்கை இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, இதே வார்த்தையை நான் முன்னாலும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். மேடம்தான் வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஏலகிரி மலைக்குப் போவோம், நான் ஓட்டுகிறேன், மேலே போய் ஒரு சொட்டு விழுந்தாலும் சாவியை ராணிப்பேட்டைக்காரரிடம் கொடுத்துவிடு என்றார். டேவிட் சரி என்றார். முன்னால் அக்காவும் தம்பியும். பின்னால் நானும் ஒரு எண்ணெய் கேனும். பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் மேடம் நிதானமாக ஏறினார். டேவிட் மேலே இருக்கிற கைப்பிடியை விடவே இல்லை. நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும், மேடத்துக்குத் தெரிந்த சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மேலே போனதும் மேடம் டிக்கியிலிருந்து ஒரு முழு வெள்ளைத் தோலை எடுக்கச் சொன்னார். கம்பெனியில் கழித்துக் கட்டியது. அதை வண்டிக்கு அடியில் விரித்தோம். இன்ஜினை ஓடவிட்டு, பஜ்ஜியும் டீயும் முடிகிற வரை காத்திருந்தோம். பிறகு டேவிட், சர்ச்சுக்குப் போட்டு வந்த வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் குப்புறப் படுத்துப் பார்த்தார். "அக்கா, இங்க ஒரு செவப்பு இருக்கு" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. தோலை இழுத்து வெளியே போட்டோம். மேடம் குனிந்து பார்த்துவிட்டு, "அது என் ஸ்டிக்கர்டா. மாட்டுக்கு உண்ணி கடிச்ச எடம்" என்றார். மற்றபடி அந்தத் தோல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

டேவிட்டுக்கு மனசு இறங்கிவிட்டது, ஆனால் கௌரவம் இறங்கவில்லை. "எறங்கறப்போ நான் ஓட்டறேன்கா, நீ ரெஸ்ட் எடு" என்று சாவியை வாங்கிக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாகக் கியர் வண்டி ஓட்டுகிறவர். ஆட்டோமேட்டிக்கை அவர் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. முதல் வளைவு வந்ததும் அவருடைய இடது கால் தன் பழக்கத்துக்குக் கிளட்ச்சைத் தேடியது. அங்கே இருந்தது அகலமான பிரேக். கிளட்ச்சை மிதிக்கிற வேகத்தில் அதை மிதித்தார். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது, நான் முன் சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டேன், எண்ணெய் கேன் என் மடியில் ஏறியது, பின்னால் வந்த பஸ்காரர் எங்கள் குடும்பத்தையே விசாரித்தார். இரண்டாவது வளைவிலும் அதே. மூன்றாவது வளைவில் டேவிட் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கிச் சுற்றி வந்தார். அக்கா மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். வண்டி தண்ணீர் மாதிரி இறங்கியது. நாலு வளைவு போனதும் டேவிட் போனை எடுத்து, "சார், அந்த வண்டி குடுக்கறதா இல்ல, கோவிச்சுக்காதீங்க" என்று ராணிப்பேட்டைக்காரரிடம் சொன்னார். மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் எனக்கு அவர் கண் தெரிந்தது, அது நிறைந்திருந்தது. என் கண்ணும் அப்படித்தான் இருந்தது, மூக்கில் அடிபட்டதால் என்று சொல்லிக்கொண்டேன். இன்னும் இரண்டு வளைவு தாண்டிய பிறகு டேவிட் கூச்சத்தோடு கேட்டார், "ஏன்கா, இதுல எடது காலை எங்க தான் வெச்சுக்கறது?" மேடம் ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னார்:

"எங்கயாவது வெச்சுக்கடா. இந்த வண்டிக்கு அது தேவையே இல்ல."

அந்தப் பைப் போட்டுப் பதினோரு மாதம் ஆகிறது, இன்றுவரை ஒரு சொட்டு இல்லை; இந்தத் தொழிலில் மாதா மாதம் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தி, "ஒழுகவே மாட்டேங்குது, இன்னான்னு பாருங்க தம்பி" என்று சந்தேகப்படுகிற ஒரே கஸ்டமர் எனக்கு வாய்த்திருக்கிறார்.